செம்புக் குண்டும் கருவேப்பிலைத் தொட்டியும்

1

கனடாவுக்கு வந்து இந்த அக்டோபரோடு எங்களுக்கு இருபது வருஷம். இருபது வருஷத்துக்குக் கேக் வெட்டலாம், கோயிலில் ஒரு பூசைக்குக் கொடுக்கலாம். நானோ ஒரு துப்பாக்கிக் கடையில் நின்றுகொண்டு, எந்தக் குண்டு நல்லது என்று ஒரு மணி நேரமாகக் கடைக்காரரைக் குடைந்துகொண்டிருந்தேன். எங்கள் சொந்த ஊர் ஈப்போவில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அங்கே சிலிபின் சந்தையில் கோழி வாங்கப் போனால் அறுக்கிற பக்கம் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாளே, அதே ஜோசப்பின்தான் நான்.

நாங்கள் இருப்பது பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே, மரம் அறுக்கும் ஆலையை நம்பிப் பிழைக்கும் ஒரு சின்ன ஊர். என் வீட்டுக்காரர் அருள் அந்த ஆலையில் மெக்கானிக். ஈப்போவுக்குப் பக்கத்தில் காம்பாரில் லாரிப் பட்டறையில் வேலை பழகியவர். எனக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. வந்த புதிதில் ஆலைக்காரர்கள் அருளைக் காட்டுக்குக் கூட்டிப் போய் மூஸ் வேட்டை பழக்கிவிட்டார்கள். மூஸ் என்பது மான் ஜாதிதான், ஆனால் நம் எருமையைவிட உயரம். ஒன்று கிடைத்தால் ஒரு வருஷத்துக்கு வீட்டில் வேறு இறைச்சி வாங்க வேண்டாம். மிளகும் சோம்பும் தூக்கலாகப் போட்டுப் பிரட்டினால் ஆட்டிறைச்சி தோற்றுவிடும்.

நினைத்தவர்கள் எல்லாம் சுட்டுவிட முடியாது. அரசாங்கம் வருஷா வருஷம் குலுக்கல் போடும். பெயர் விழுந்தவருக்குத்தான் சீட்டு. இரண்டு பேராகப் பெயர் கொடுத்தால் வாய்ப்புக் கூடும் என்று அருள் என்னையும் துப்பாக்கிப் பரீட்சை எழுத வைத்தார். துப்பாக்கி உரிமத்துக்கான மனுவில் கணவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அவர் வேண்டுமென்றே ரொம்ப நேரம் யோசித்தார். நம் ஊர் அடையாள அட்டையில் 'இன்னார் மகள்' என்பதற்குப் பெயருக்கு நடுவில் ஏ, பி என்று இரண்டு எழுத்து போடுவார்கள் அல்லவா, அதை இங்கே என் நடுப்பெயராகப் பதிந்துவிட்டார்கள். திருத்தச் சொல்லி மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் 'அன்புள்ள ஏபி' என்றுதான் பதில் வந்தது. வேட்டைச் சீட்டிலும் நான் ஏபிதான்.

இத்தனை வருஷமும் நான் சுட்டது வெறும் காகிதத்தை. இந்த வருஷம் அருளுக்குத் தோளில் ஆபரேஷன். துப்பாக்கியின் உதைப்பை அந்தத் தோள் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதே வருஷம் குலுக்கலில் என் பெயர் விழுந்தது.

"ஆண்டவருக்கே பொறுக்கல லா," என்றார் அருள். "சரி விடு ஜோசி. இந்த வருஷம் சும்மா விட்டுரலாம்."

"நான் போறேன்."

"நீயா?"

"சீட்டுல யாரு பேரு இருக்கு?"

அவர் சீட்டை எடுத்துப் பார்த்தார். "ஏபின்னு இருக்கு," என்றார்.

2

எங்களுக்கு ஒரே மகள், ஷாரன். எட்டு வயதில் இங்கே வந்தவள். இப்போது வான்கூவரில் மிருக வைத்தியசாலை ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. எங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு முழுப் பகல் தூரம். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். முதலில் மாதம் ஒரு தடவை வந்துகொண்டிருந்தாள். பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும். பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். கோயிலுக்கு வருவதில்லை, சேலை கட்டுவதில்லை. அதையெல்லாம் நான் விட்டுவிட்டேன். அவள் எங்கள் வீட்டிலிருந்து ஆசையாகக் கேட்டு எடுத்துப் போவது ஒன்றே ஒன்றுதான்: ஐஸ் பெட்டியில் பொட்டலமாகத் தாபாவ் கட்டிக் கொடுக்கும் மூஸ் இறைச்சி. கூடவே சமையலறை ஜன்னலோரத் தொட்டியிலிருந்து ஒரு கொத்துக் கருவேப்பிலை.

அப்போது அவள் ஐந்து மாதக் கர்ப்பம். எனக்குச் சீட்டு விழுந்ததைச் சொல்லத்தான் போன் போட்டேன்.

"அம்மா, இந்த வருஷம் எனக்கு வேணாம்," என்றாள். தமிழில் சொன்னாள். அவள் தமிழில் பேசினால் விஷயம் பெரிதென்று அர்த்தம்.

போனில் ஒரு படம் அனுப்பினாள். போன கிறிஸ்துமஸில் நான் கொடுத்த கொத்துக்கறிப் பொட்டலம் ஒன்றைச் சமைக்காமல் வைத்திருந்தாளாம். அதை வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறாள். கறுப்புப் படத்தில் பொட்டலம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. அதற்குள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். உப்பைத் தூவிய மாதிரி.

அது ஈயம். அருள் சுடும் குண்டு ஈயக்குண்டு. உடம்பில் பட்டதும் அது சிதறி, கண்ணுக்குத் தெரியாத துகளாகக் காயத்திலிருந்து தூரமாகவும் போய்விடுமாம். வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் அதைச் சாப்பிடக் கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லியிருக்கிறார்.

படத்தை அருளிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். "எலும்புத் தூளு லா," என்றார். "இத்தன வருஷம் சாப்பிட்டோம். யாரு செத்தா?"

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஏனென்றால் அந்தக் கேள்வியை முன்பே பிறர் சொல்லி என் காதால் கேட்டிருக்கிறேன்.

3

ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் என் அம்மா மருந்தடிக்கிற வேலை செய்தார். களைக்கொல்லிக்குத் தோட்டத்தில் மருந்து என்றுதான் பெயர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும், பத்துப் பதினைந்து பெண்கள் முதுகில் மருந்து நிரப்பிய தோம்பைச் சுமந்துகொண்டு செம்பனை மரங்களுக்குள்ளே போவார்கள். கையுறை கிடையாது. முகத்தில் பழைய துண்டு ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். அதிலும் மருந்து நனைந்திருக்கும்.

பள்ளி விடுமுறையில் நான் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போவேன். கால்வாய் ஓரம் உட்கார்ந்து, அந்தக் கால்வாயிலேயே கையை அலசிவிட்டு, அம்மா சோற்றைப் பிசைந்து முதல் உருண்டையை எனக்குத்தான் ஊட்டுவார். கையில் மருந்து வாடை அடிக்கும். அது அம்மாவின் வாடை என்றே நினைத்திருந்தேன். பிடிக்கும் எனக்கு.

எனக்கு அடுத்ததாக ஒரு தம்பி பிறந்தான். அவன் வயிற்றில் இருந்தபோது எட்டு மாதம் வரைக்கும் அம்மா மருந்தடித்தார். பையன் பத்து நாள் இருந்தான். மருந்தால்தான் போனான் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரியாது. அன்றைக்கு ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன். பெரியவளான பிறகு நான் கேட்டேன். நாங்கள் குடியிருந்த லயத்தில் எல்லாரும் சொன்ன பதில், அருள் சொன்னாரே அதேதான். எல்லாரும்தான் மருந்தடிக்கிறோம், யாரு செத்தா?

என் அம்மாவுக்குச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு என் மகளே படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். இதற்குப் பிறகும் நான் ஈயத்தைக் கொண்டுபோய் அவள் தட்டில் வைத்தால் நான் என்ன மனுஷி? அதற்காக வேட்டையை விடவும் எனக்கு மனசில்லை. இறைச்சியும் இல்லையென்றால் அவள் வர வேறு காரணம் இருக்காது. பிள்ளை பிறந்ததும் படம் மட்டும்தான் வரும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

4

அன்று சாயங்காலம் ரசத்துக்குக் கருவேப்பிலை கிள்ளப் போனேன். தொட்டியில் வைத்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

ஏனென்று சொல்ல வேண்டுமானால் பதினேழு வருஷம் பின்னால் போக வேண்டும். அருள் வேட்டைக்குப் போய்வந்த பேண்ட்டைத் துவைக்கப் போட்டிருந்தார். மெஷினுக்குள் கடகடவென்று சத்தம். நிறுத்திப் பார்த்தால் ஒரு முழுத் தோட்டா. விரல் நீளம், பளபளவென்று. நம் ஊரில் கையில் ஒரே ஒரு தோட்டா அகப்பட்டாலும் தூக்கு என்று கேட்டு வளர்ந்தவள் நான். இந்த ஊர் வேறு, சட்டம் வேறு, இதே வீட்டில் பெட்டிப் பெட்டியாகப் பூட்டி வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வரவில்லை. போலீஸ் வாசலில் நிற்பது மாதிரியே இருந்தது. குப்பையில் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். வெளியே மண் பனியில் உறைந்து கிடந்தது. நேரே சமையலறைக்கு ஓடி, கருவேப்பிலைத் தொட்டியில் அகப்பையால் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன்.

பயம் தெளிந்ததும் வெட்கமாகிவிட்டது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. தொட்டி மண்ணை மாற்றலாமா என்று அருள் கேட்ட போதெல்லாம், செடி பட்டுப்போகும் என்று தட்டிக்கழித்தேன். மேலே மேலே மண் போட்டேன். பிறகு மறந்தேவிட்டேன். ஷாரன் வளர்ந்தது முழுக்க அந்தச் செடியின் இலையில்தான்.

பழைய பேப்பரை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தேன். அருள் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னாச்சு ஜோசி? செடிய கொல்லப் போறியா?"

வேர்களுக்கு நடுவில் இருந்தது. பித்தளை பச்சை பூத்து, சிறு வேர்கள் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தன. பிரித்தெடுத்து அவர் முன்னால் மேஜையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அன்னிக்கே எங்கிட்ட சொல்லல?"

"பயம்."

"என்னோட பாக்கெட்டுலேருந்து விழுந்தது. நீதான் பயந்திருக்க." கொஞ்ச நேரம் கழித்து, "புள்ள இந்த எலையத்தானே சாப்பிட்டுச்சு," என்றார். குரல் இறங்கியிருந்தது.

இலையில் ஈயம் ஏறியிருக்குமா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் அன்று எலும்புத் தூள் என்று அவர் சொல்லவில்லை.

"நாளைக்குக் கடைக்குப் போலாம்," என்றார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, போன் போட்டுச் சொல்லிவிட்டு, அந்தத் தோட்டாவை நானே போலீஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த பெண் நன்றி சொல்லி வாங்கி வைத்தாள், அவ்வளவுதான். பதினேழு வருஷப் பயம் அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

5

துப்பாக்கிக் கடைக்காரர் வெய்ன். அறுபது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். அலமாரி முழுக்க, நம் ஊர்க் கடையில் மைலோ மாவு டின் அடுக்கியிருப்பது மாதிரி தோட்டாப் பெட்டிகள். ஈயம் இல்லாதது எது என்று கேட்டேன். ஒரே ஒரு தட்டைக் காட்டினார். முழுக்கச் செம்பில் செய்த குண்டுகள். அவை சிதறாது. பட்டதும் முனை மட்டும் நாலு இதழாக விரிந்து, முழு எடையோடு போய்க்கொண்டே இருக்கும்.

"அருள் சுடுற அதே எடையா வாங்கிக்கலாமா?" என்று கேட்டேன்.

வெய்ன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். செம்பு ஈயத்தைவிட லேசானது. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். சில துப்பாக்கிக்கு அது ஒத்துக்கொள்ளாது. அது மட்டுமில்லை. செம்பு விரிய வேகம் வேண்டும். வேகம் குறைந்தால் ஊசி மாதிரி துளைத்துவிட்டுப் போய்விடும், மிருகம் காயத்தோடு ஓடிவிடும். அதனால் கொஞ்சம் எடை குறைந்ததை எடு, கிட்டத்தில் நின்று சுடு என்றார். எது ஒத்துவரும் என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, துப்பாக்கிக்குத்தான் தெரியும் என்றும் சொன்னார்.

இரண்டு வகை வாங்கினேன். ஒன்று அருளின் பழைய குண்டின் எடை, நூற்று எண்பது கிரெய்ன்; குண்டை அந்தக் கணக்கில்தான் நிறுப்பார்கள். இன்னொன்று நூற்று அறுபத்தைந்து.

சுடும் திடலுக்கு மூன்று வாரம் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போனோம். முதலில் குழலுக்குள் இருந்த பழைய அழுக்கைத் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அதற்கே ஒரு காலை போனது. பிறகு நூற்று எண்பதைப் போட்டேன். நூறு மீட்டரில் மூன்று ஓட்டைகளும் மூன்று திசையில் இருந்தன. அருள் பைனாகுலரில் பார்த்துவிட்டுக் காரைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய பழைய ஈயக்குண்டுப் பெட்டி கார் பின்னால் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அத எடுக்கவா?" என்றார் மெதுவாக.

"எடுத்தீங்கன்னா நடந்தே வீட்டுக்குப் போறேன்."

எனக்குத் தோள் கன்றிப்போயிருந்தது. வேலைக்குப் போனால் சட்டியைத் தூக்க முடியவில்லை. கூட வேலை செய்கிறவர்கள், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று ரகசியமாக விசாரித்தார்கள். துப்பாக்கி அடித்தது என்றேன், இன்னும் கவலையாகப் பார்த்தார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை நூற்று அறுபத்தைந்து. முதல் மூன்றும் ஒரு மைலோ டின் மூடிக்குள் விழுந்தன. ஆனால் எல்லாம் இடது பக்கம் தள்ளி. அருள் குறிக்கண்ணாடித் திருகைத் திருகிச் சரிசெய்தார். மறுபடி மூன்று. மறுபடி மூன்று. மூன்றாவது வாரம் உட்கார்ந்து சுட்டேன், முட்டி போட்டுச் சுட்டேன், மூச்சு வாங்க ஓடிவந்து சுட்டேன். நூற்றைம்பது மீட்டருக்கு மேல் எதைப் பார்த்தாலும் சுட மாட்டேன் என்று அருளிடம் சொல்லிவைத்தேன். சத்தியம் செய்யச் சொன்னார், செய்தேன்.

அன்று திரும்பும் வழியில் கடையில் காரை நிறுத்தச் சொல்லி, அருள் தன் பழைய பெட்டிகளை வெய்னிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

6

சுடுகிறது நான் என்றாலும் மூஸைக் கூப்பிடுகிறது அருள்தான். மரப்பட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு பெண் மூஸ் மாதிரி முனகுவார். ஏக்கமான ஒரு நீளச் சத்தம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னை ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருப்பாரா தெரியவில்லை.

காட்டில் மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நான்காம் நாள் மதியத்துக்கு முன்னால், சதுப்பின் எதிர்க்கரையில் புதர் அசைந்தது. ஆண் மூஸ் ஒன்று வெளியே வந்து பக்கவாட்டில் நின்றது. கறுப்பு. கொம்பு அகலம். தூரம் நூற்றிருபது மீட்டர் என்று அருள் கிசுகிசுத்தார். தோளுக்குப் பின்னால், கீழே, நுரையீரல். அதைத்தான் மூன்று வாரமாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சுட்டேன்.

அது விழவில்லை. அப்படியே நின்றது. எனக்கு அழுகை வந்தது. செம்பு விரியவில்லை, ஊசி மாதிரி போய்விட்டது, காயத்தோடு ஓடப்போகிறது என்று நினைத்தேன்.

"இன்னொண்ணு போடு ஜோசி," என்றார் அருள். "அழாம போடு."

போட்டேன். இரண்டடி நடந்தது. முன்னங்கால் மடிந்து விழுந்தது. பிறகு அசையவில்லை. கிட்டே போனதும் முதலில் மன்னிப்புக் கேட்டேன். தமிழில்தான் கேட்டேன்.

அருளுக்கு ஒரு கைதான் வேலை செய்யும் என்பதால் கத்தி என் கையில். இருட்டும் வரை ஓயவில்லை. முதல் குண்டு இரண்டு நுரையீரலையும் துளைத்து வெளியே போயிருந்தது. மூஸ் நின்றது பலத்தினால் இல்லை, தான் செத்துவிட்டது அதற்கு இன்னும் தெரியவில்லை என்றார் அருள். இரண்டாவது குண்டு மறுபக்கத் தோலுக்கு அடியில் அகப்பட்டது. நாலு இதழும் விரிந்து, ஒன்றும் உடையாமல். பிறகு வெய்ன் அதைத் தராசில் வைத்துப் பார்த்தார். எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது.

7

வான்கூவருக்குப் போகும் ஒருவரிடம் ஷாரனுக்கு ஒரே ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினேன். சமைக்க வேண்டாம், படம் எடுத்துப் பார் என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் படம் வந்தது. பொட்டலம் முழுக்கச் சாம்பல் நிறம். ஒரு புள்ளிகூட இல்லை. அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் தமிழில் அடித்திருந்தாள்: "சுத்தமா இருக்கு மா. சனிக்கிழமை வாரேன்."

வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. மருமகன் காரை நிறுத்துவதற்குள் இறங்கிச் சமையலறைக்குள் வந்து, ஜன்னலோரத்தைப் பார்த்தாள். புதுத் தொட்டி, புது மண், ஒட்ட வெட்டிவிட்ட கருவேப்பிலைக் குச்சியில் இரண்டு துளிர். தோட்டாக் கதையை அருள் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார். கோபப்படுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

"நீ பயந்தத யாருகிட்டயுமே சொல்ல மாட்டியா மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

சோறும் பிரட்டலும் ரசமும் மேஜையில் வைத்தேன். ரசத்தில் கருவேப்பிலை இல்லை. எங்கள் வீட்டில் ஷாரன் முள்கரண்டியில்தான் சாப்பிடுவாள், பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்தே. அன்றும் கரண்டியை எடுத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கீழே வைத்தாள். பிடிக்கவில்லையோ என்று உப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அம்மா, ஒரு வாய் ஊட்டி விடு மா," என்றாள்.

எழுந்து போய்க் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவினேன். துடைத்த பிறகு மறுபடியும் ஒரு தடவை கழுவினேன். வந்து உட்கார்ந்து, சோற்றில் பிரட்டலைப் பிசைந்து, முதல் உருண்டையை அவள் வாயில் வைத்தேன்.